இறக்கி வைத்த எஞ்சினை முதலில் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர், தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊர் திண்டுக்கல்.)

எங்களுடையது 1997 மாருதி 800. அப்பா வாங்கிய வண்டி. போன மாதம் மைசூர் போகும்போது திம்பம் மலையில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. முள் சிவப்புக்குப் போனதைக் கவனிக்காமல் இரண்டு வளைவு ஏறிவிட்டேன். எஞ்சின் தானாகவே நின்றது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் வெள்ளைப் புகை தள்ளுகிறது, தண்ணீரும் குறைகிறது. ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து, முழுதாகக் கட்டித்தர மெக்கானிக் 38,000 ரூபாய் கேட்கிறார். கோவை உக்கடத்தில் பழைய எஞ்சின் 16,000-க்குச் சொல்கிறார்கள். நானும் மச்சானும் வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று இருக்கிறோம். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு. செய்யலாமா? – வாசகர், பவானி

செய்யலாம் தம்பி. மாருதி 800-ல் நம்பி இறங்கலாம். மூன்று சிலிண்டர், 796 சிசி, சின்ன எஞ்சின். பானட்டையும் ரேடியேட்டரையும் கழற்றிவிட்டால் மேல்வழியாகவே வெளியே வந்துவிடும். இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நடுவில் ஒரு வாரமும் ஒதுக்குங்கள்.

ஆனால் உக்கடத்துக்குப் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்தீர்களா? வெள்ளைப் புகையும் தண்ணீர் குறைவதும் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங்) எரிந்ததற்கான அடையாளம். சூட்டில் ஹெட் வளைந்திருக்கலாம். அது மட்டும்தான் என்றால் எஞ்சினை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஹெட்டைக் கழற்றுங்கள். அதன் அடிப்பரப்பில் நேர்ச்சட்டம் ஒன்றை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் ஹெட் வளைந்துவிட்டது என்று அர்த்தம். லேத்தில் கொடுத்து மட்டம் தட்டி வாங்கலாம். ஹெட்டில் விரிசல் என்றால் பழைய ஹெட் மட்டும் வாங்கிப் போடலாம். எஞ்சின் நம்பர் பிளாக்கில் இருப்பதால் நம்பர் மாறாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடக்கவும் வேண்டாம்.

அதே நேரத்தில் சிலிண்டர் சுவரை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்கு மேலும் கீழுமாகக் கீறல் இருந்தால், சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொண்டதால்தான் எஞ்சின் தானாக நின்றிருக்கிறது. அப்படியென்றால் மாற்று எஞ்சின் யோசனை சரியே. கேஸ்கட் எரிந்த வண்டிக்கெல்லாம் எஞ்சினையே மாற்றிக் காசைக் கரைத்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இனி எஞ்சின் வாங்கும் கதை. உக்கடம் ஆனாலும் சென்னை புதுப்பேட்டை ஆனாலும் காலையில் போங்கள். வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று வெள்ளிப் பெயின்ட் அடித்து வைத்திருக்கும் எஞ்சினைத் தாண்டிப் போய்விடுங்கள். தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாக, கழற்றிய கோலத்திலேயே கிடக்கும் எஞ்சின்தான் தன் கதையை மறைக்காமல் சொல்லும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்த பிசுக்கு ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. டிப் ஸ்டிக்கை உருவி விரலில் தேய்த்துப் பாருங்கள். பெட்ரோல் வாடையோ, மினுமினுக்கும் உலோகப் பொடியோ இருக்கக் கூடாது. மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்றும் ஒரே காப்பி நிறத்தில் இருப்பது நல்லது. ஒன்று மட்டும் கரியும் எண்ணெயுமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் குறை. பிளக் துளை வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிறகு கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்கும் முட்டாமல் வழவழவென்று வர வேண்டும். கடைசியாக அந்தப் புல்லியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். டக் டக்கென்று கேட்கும்படி ஆடினால் வாங்காதீர்கள்.

பிடிக்கும் காதுகள், அதாவது மவுண்டிங் போல்ட் ஏறும் இடங்கள், கியர் பாக்ஸ் சேரும் விளிம்பு ஆகியவற்றில் வெல்டிங் இருக்கிறதா என்று தேடுங்கள். அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் ஓரத்தில் புதுப் பசை பிதுங்கியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் திறந்தீர்கள் என்று கேளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. காப்பீட்டுக்காரர் கழித்துக் கட்டிய வண்டிகள் பாகம் பாகமாகப் பிரிந்து எல்லா ஊர்ச் சந்தைக்கும் போகும். பார்ப்பதற்கு ஓட்டம் குறைந்த நல்ல எஞ்சினாகவே தெரியும், விலையும் கவர்ச்சியாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மண் எங்கே தங்குமோ அங்கே பார்ப்பது. டைனமோவின் காற்றுத் துளைகளுக்குள், ஃப்ளைவீலுக்குப் பின்னால் உள்ள குழிவில், டைமிங் பெல்ட் மூடியின் அடியில் உலர்ந்த வண்டல் மெல்லிய மாவு போல ஒட்டியிருக்கும். எத்தனை கழுவினாலும் அங்கே போகாது. பிளக் துளை வழியாகப் பார்க்கும்போது சிலிண்டர் சுவரில் வளையமாகத் துரு தெரிந்தால், தண்ணீர் உள்ளேயே நின்றிருக்கிறது. அதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

கார்புரேட்டர் எஞ்சின் என்று கேட்டு வாங்குங்கள். எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினை, அதாவது கம்ப்யூட்டர் சொல்லிப் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சினை, உங்கள் 1997 வண்டியில் அப்படியே வைக்க முடியாது. டேங்குக்குள் பம்பு, கம்ப்யூட்டர், தனி வயரிங் எல்லாம் வேண்டும். பில்லும், அந்த எஞ்சின் வந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஓட்டிப் பார்த்துக் குறை இருந்தால் இத்தனை நாளுக்குள் மாற்றித் தருகிறேன் என்று பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உடனே மாட்டத் துடிப்பீர்கள். அங்கேதான் நிறுத்தச் சொல்கிறேன்.

1996-ல் என் மாமனார் வண்டிக்கு இப்படி ஓர் எஞ்சின் வாங்கி வந்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள், சனிக்கிழமை மதியம் ஆரம்பித்து ஞாயிறு மாலைக்குள் மாட்டிவிட்டேன். சத்தம் அவ்வளவு சுத்தம். மாமனார் தெருவெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு வாரம் கழித்துக் குடும்பத்தோடு சிறுமலைக்கு ஏறினோம். பாதி வழியில் எஞ்சின் உறுமுகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. கீழே குனிந்து பார்த்தால் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக ஆயில். கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் காய்ந்து, கருவாடு மாதிரி விறைத்துப் போயிருந்திருக்கிறது. அதிலிருந்து ஒழுகிய ஆயில் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிட்டது. எஞ்சின் தரையில் கிடந்தபோது மாற்றியிருந்தால் அரை மணி நேர வேலை. அறுபது ரூபாய் சீல். அதற்காக மறுபடியும் எல்லாவற்றையும் அவிழ்த்தேன், புது கிளட்ச் பிளேட்டும் வாங்கினேன். மலைப் பாதையில் கைக்குழந்தையோடு ஓரமாக நின்ற என் மனைவியின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால் எஞ்சினைப் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார வைத்து, இவற்றையெல்லாம் தரையிலேயே மாற்றிவிடுங்கள்: பின் ஆயில் சீல், முன் ஆயில் சீல், கேம் சீல், டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் ஃபில்டர், ரேடியேட்டர் ஹோஸ் மேலும் கீழும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் புதிதாகவே போடுங்கள். பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று மச்சான் சொல்வார். கேட்காதீர்கள். மவுண்டிங் ரப்பர் வெடித்திருந்தால் அதுவும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் செலவு கணிசமாக ஏறும் என்பது எனக்குத் தெரியும். 16,000 ரூபாயில் வேலை முடிந்துவிடும் என்ற கணக்கோடு இறங்கியவர்கள்தான் பாதியில் சீலை விட்டுவிடுகிறார்கள்.

மாட்டுவதற்கு முன் கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தமும், பார்த்துவிடலாம். இந்த வண்டியில் செல்ஃப் மோட்டார் கியர் பாக்ஸில்தான் உட்காருகிறது. ஆகவே கியர் பாக்ஸையும் செல்ஃபையும் எஞ்சினோடு தரையிலேயே சேர்த்து, நியூட்ரலில் வைத்து, டயரோடு கயிறு போட்டு இறுகக் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் சுற்றும்போது துள்ளிக் கவிழும். மூன்று பிளக்கையும் கழற்றி, கார்புரேட்டர் கதவை முழுதாகத் திறந்து வைத்து, ஜம்பர் கேபிளால் பேட்டரி கொடுத்துச் சுற்றுங்கள். கேஜில் மூன்று சிலிண்டரும் 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டி, ஒன்றுக்கொன்று 15-க்குள் வித்தியாசம் இருந்தால் எனக்குத் திருப்தி. ஒன்று குறைந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறவில்லை என்றால் வால்வு உட்காரவில்லை. குறை கண்டால் அப்படியே வண்டியில் ஏற்றிக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். அதற்குத்தான் பில்லின் பின்னால் எழுதி வாங்கச் சொன்னேன்.

கழற்றும் வேலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, உங்களுக்குப் பழக்கம் இருக்கிறது. பேட்டரி, பானட், ரேடியேட்டர், சோக், ஆக்சிலரேட்டர், கிளட்ச், ஸ்பீடோமீட்டர் கேபிள்கள், ஹீட்டர் ஹோஸ், பெட்ரோல் குழாய். கீழே கியர் ராடு, சைலன்ஸர் குழாய், இரண்டு ஆக்சில். சைலன்ஸர் நட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அவசரப்பட்டு முறித்தால் ஒரு நாள் போய்விடும்.

ஒவ்வொரு வயரையும் கழற்றுமுன் செல்போனில் படம் எடுங்கள். அது போதாது, ஒட்டுத்தாளில் எண் எழுதி இரு முனைகளிலும் ஒட்டுங்கள். 2009-ல் என் சொந்த 800-க்கு எஞ்சின் மாற்றியபோது, ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் இந்த வேலையை எடுத்துக்கொண்டாள். கணக்கு நோட்டில் வரிசை போட்டு 31 இணைப்புகள் எழுதி வைத்தாள். எல்லாம் மாட்டியாயிற்று, பேட்டரி கொடுக்கப் போகிறேன். "அப்பா, முப்பதுதான் டிக் ஆகியிருக்கு, பத்தொன்பது எங்கே?" என்றாள். தேடினால் பாடியிலிருந்து கியர் பாக்ஸுக்கு வரும் எர்த் பட்டை, கீழே அப்படியே தொங்குகிறது. அதை மாட்டாமல் செல்ஃப் அடித்திருந்தால், அத்தனை கரண்டும் சோக் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் பழுத்து உருகிவிடும். புதிதாக மாட்டிய வண்டியில் சோக் கேபிள் புகைகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எர்த் பட்டையைத்தான்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த, கியர் ஷாஃப்ட் பருமனுக்கு ஒரு மரக்குச்சியில் டேப் சுற்றிச் செருகினாலே போதும். சரியாக நடுவில் இருந்தால் கியர் பாக்ஸ் கையால் தள்ளியே விளிம்போடு விளிம்பு ஒட்டிவிடும். கடைசி ஒரு விரல் இடைவெளியைப் போல்ட்டால் இழுத்து மூட நினைக்காதீர்கள். ஒன்று காது உடையும், இல்லாவிட்டால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும்.

முதல் ஸ்டார்ட். நாள் கணக்காகச் சும்மா கிடந்த எஞ்சின் என்பதால் பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறட்டும். சம்ப்பில் ஏறத்தாழ மூன்று லிட்டர், டிப் ஸ்டிக் அளவு பார்த்து. பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணைந்த பிறகு பிளக் போடுங்கள். பிளக் வயர் வரிசை 1-3-2. ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் கொடுக்க வேண்டாம். ஹீட்டரைத் திறந்து வைத்து, ரேடியேட்டர் மூடி திறந்தபடி, காற்றுக் குமிழி நிற்கும்வரை தண்ணீரும் கூலன்ட்டும் விடுங்கள். ஃபேன் தானாகப் போட்டு, தானாக நிற்க வேண்டும். அதைக் கண்ணால் பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பழைய அழுக்கெல்லாம் அதோடு போகும்.

இன்னொன்று. உங்கள் பழைய எஞ்சின் செத்தது ஹோஸால். ஆனால் ஹோஸ் ஏன் வெடித்தது? வயதாகி வெடித்ததா, ரேடியேட்டர் உள்ளே அடைத்து அழுத்தம் ஏறி வெடித்ததா? ரேடியேட்டரைக் கழற்றிய கையோடு சுத்தம் செய்யும் கடையில் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் சுவிட்சையும் சோதியுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த எஞ்சினும் அதே திம்பத்தில் அதே வளைவில்தான் நிற்கும்.

என் மகனுக்கு 22 வயது. நண்பனோடு சேர்ந்து போர்ட்டிகோவில் காரைப் பிரித்துப் போட்டிருக்கிறான். எஞ்சினைக் கழற்றிப் பழைய எஞ்சின் மாட்டப் போகிறார்களாம். சொன்னால் "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் என்ன கவனிக்க வேண்டும்? – வாசகி, கும்பகோணம்

அம்மா, உங்கள் பயம் சரியானது. தடுக்க வேண்டாம், நல்ல வேலைதான் கற்றுக்கொள்கிறான். ஆனால் நான்கு விஷயம் உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம், மெக்கானிசம் தெரிய வேண்டியதில்லை.

வண்டி ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும்போது யாரும் அடியில் படுக்கக் கூடாது. வண்டிக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு இரண்டு இருக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது, அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டு நழுவினாலும் சக்கரம் தாங்கும்.

எஞ்சினை எதில் தொங்கவிடப் போகிறார்கள் என்று கேளுங்கள். போர்ட்டிகோ கொக்கி, வேப்பமரக் கிளை, ஜன்னல் லிண்டல் எதுவும் கூடாது. ஊரில் கிணற்று மோட்டார், போர் மோட்டார் தூக்குகிறவர்களிடம் இரும்பு முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு டன் தாங்கும் செயின் பிளாக் தாராளம். எஞ்சின் மேலே வந்ததும் முக்காலியை நகர்த்தக் கூடாது, காரைத்தான் பின்னால் தள்ள வேண்டும். மாருதி எஞ்சின் இரண்டு பையன்கள் கம்பி கோத்துத் தூக்கிவிடக்கூடிய எடை. அதனால்தான் தூக்கப் பார்ப்பார்கள். விரல் நசுங்குவதும் இடுப்புப் பிடிப்பதும் அப்படித்தான்.

பெட்ரோல் குழாயைக் கழற்றிய நாளில் அந்தப் பக்கம் பூஜை விளக்கு, கொசுவர்த்தி, சிகரெட் எதுவும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றித் தூரமாக வைக்கட்டும். தொங்குகிற எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. அவ்வளவுதான். "உனக்குத் தெரியாது" என்று மறுபடியும் சொன்னால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுங்கள்.

ஆம்னி எஞ்சின் ஒன்று நல்ல நிலையில் சும்மா கிடைக்கிறது. அதுவும் 796 சிசிதானே, என் 800-ல் வைக்கலாமா? – வாசகர், ராஜபாளையம்

உங்கள் வண்டியில் எஞ்சின் குறுக்காகப் படுத்து முன் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஆம்னியில் முன் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் நின்று பின் சக்கரத்தைச் சுற்றுகிறது. குடும்பம் ஒன்றுதான், ஆனால் சம்ப், மேனிஃபோல்டு, தண்ணீர்க் குழாய், மவுண்டிங் எல்லாம் வேறு. அவற்றை உங்கள் எஞ்சினிலிருந்து மாற்றி மாற்றிப் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவையாகச் செய்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். பாகங்களுக்காக வேண்டுமானால் வாங்கி வையுங்கள்.

பழைய எஞ்சின் போட்டு ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டேன். ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது எஞ்சின் நம்பர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது அவ்வளவு பெரிய குற்றமா? – வாசகர், விழுப்புரம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐப் பாருங்கள். எஞ்சின் மாற்ற வேண்டுமென்றால் பதிவு செய்யும் அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு போய்த் தெரிவித்துப் புது நம்பரைப் பதிந்துகொள்ள வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று பிரிவு 182ஏ சொல்கிறது. நீங்கள் மறைப்பதற்காகச் செய்யவில்லை என்பது தெரிகிறது. ஆனால் திருட்டு வண்டியின் எஞ்சினும் இதே வழியாகத்தான் ஊருக்குள் வருகிறது. அதைத் தடுக்க இந்த ஒரு நம்பர்தான் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: எஞ்சின் வாங்கிய பில், அது இருந்த வண்டியின் ஆர்.சி. நகல், காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றோடு நேரில் போய் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். நாளைக்கு விபத்து என்றால் அவர்களும் நம்பரைத்தான் பார்ப்பார்கள். பில்லே வாங்கவில்லை என்றால் விற்ற கடைக்குப் போய்க் கேட்டு வாங்குங்கள், அதுதான் முதல் படி.

மற்ற வாசகர்களுக்கு: சொந்தக் கார் 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தைந்து ஆண்டாகத்தான் பதிவு புதுப்பிக்கப்படும். எஞ்சினுக்குப் பணம் போடுமுன் உங்கள் ஆர்.சி.யில் தேதி எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். நம்பர் ராவப்பட்ட எஞ்சினை, சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள்.

2006 ஆல்ட்டோ. எஞ்சின் மாற்றும்போது அதோடு வரும் கம்ப்யூட்டரையும் வாங்க வேண்டுமா? – வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். உங்கள் சாவியில் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் சிப்) இருந்தால், அது உங்கள் வண்டிக் கம்ப்யூட்டரோடு ஜோடி சேர்ந்தது. வேறு கம்ப்யூட்டரை வைத்தால் செல்ஃப் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. உங்கள் கம்ப்யூட்டர், உங்கள் வயரிங் இரண்டும் அப்படியே இருக்கட்டும். சென்சார்களையும் உங்கள் எஞ்சினிலிருந்தே எடுத்துப் புதியதில் மாட்டுங்கள். ஓடிக்கொண்டிருந்த சென்சார் என்று உங்களுக்குத் தெரியுமல்லவா.

எஞ்சின் மாற்றி முடித்துவிட்டோம். உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் கிளட்ச்சை முழுதாக மிதித்தாலும் கியர் விழவில்லை, கரகரவென்று கத்துகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டால் எல்லாக் கியரும் விழுகிறது. – வாசகர், ஆம்பூர்

கியர் பாக்ஸில் கோளாறு இல்லை, கிளட்ச் பிரியவில்லை. முதலில் கேபிளை இறுக்கிப் பாருங்கள். பெடலில் சிறிது தளர்வு மட்டும் இருக்க வேண்டும். புது பிளேட்டுக்குப் பழைய அளவு பொருந்தாது. இரண்டாவது, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்த அன்று நடந்ததை யோசியுங்கள். விளிம்பு ஒட்டாமல் போல்ட்டால் இழுத்தீர்களா? இழுத்திருந்தால் பிளேட் வளைந்திருக்கும். மூன்றாவதாக, பிளேட்டைத் திருப்பிப் போட்டிருக்கலாம். ஸ்பிரிங் புடைத்திருக்கும் பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும். என் மாணவர்கள் அதிகம் செய்த தவறு இதுதான்.

கேபிளில் சரியாகவில்லை என்றால் எஞ்சினைத் தூக்க வேண்டாம். எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, கியர் பாக்ஸை மட்டும் கீழ்வழியாக இறக்கலாம். ஒரு பகல் வேலை. இறக்கியதும் டார்ச் எடுத்துப் பின் ஆயில் சீலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.